வீட்டில் பிபி பார்ப்பது எப்படி? ஒரு வாரக் கணக்கு

பிபிக்கு மருந்து தொடங்குவதா, அளவைக் கூட்டுவதா என்பதை மருத்துவர் எண்களை வைத்தே முடிவு செய்கிறார். எண் தப்பானால் மருந்தும் தப்பாகிவிடும். கிளினிக்கில் பதற்றத்தில் ஏறும் பிபி வீட்டில் சரியாக இருக்கலாம். அங்கே சரியாக இருப்பது வீட்டில் ஏறியும் இருக்கலாம். அதனால்தான் வீட்டில் எடுக்கும் கணக்கு அவசியம்.

மேல்கையில் கஃப் (காற்று நிரம்பிக் கையை இறுக்கும் பட்டை) கட்டும் தானியங்கிக் கருவியே நல்லது. மணிக்கட்டுக் கருவியில் கையின் உயரம் கொஞ்சம் மாறினாலே அளவு மாறிவிடும். வாங்குவதற்கு முன் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் டேப்பால் சுற்றளவு எடுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் சென்டிமீட்டர் எல்லைக்குள் அது வர வேண்டும். பருத்த கைக்குச் சின்ன கஃப் கட்டினால் பிபி உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

படி 1. அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபி, டீ, புகை, உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள். அடக்கிக்கொண்டிருந்தால் மேல் அளவு (கருவி காட்டும் இரண்டு பிபி எண்களில் பெரியது, சிறியது கீழ் அளவு) 10 வரைகூட ஏறும்.

படி 2. முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் சும்மா இருங்கள். போனும் வேண்டாம்.

படி 3. கஃப்பை வெறும் கையில் கட்டுங்கள். சட்டைக் கையைச் சுருட்டி ஏற்றினால் அதுவே கையை இறுக்கும், கழற்றிவிடுவது மேல். கஃப்பின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 செ.மீ. மேலே இருக்கட்டும். கட்டிய பின் விரல் நுனி உள்ளே நுழைய வேண்டும். கையை மேசைமீது தளர்வாக வையுங்கள். கஃப் இதயத்தின் உயரத்துக்கு வர வேண்டும். 10 செ.மீ. கீழே இறங்கினால் பிபி ஏறத்தாழ 8 கூடுதலாகக் காட்டும். மேசை தாழ்வாக இருந்தால் கைக்கடியில் தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4. பொத்தானை அழுத்திய பின் பேசாதீர்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி எடுங்கள். முதல் அளவு பெரும்பாலும் சற்றுக் கூடுதலாக இருக்கும். இரண்டையும் அப்படியே எழுதுங்கள். 137 என்றால் 137தான், 135 என்று குறைத்து எழுதக்கூடாது.

முதல் நாள் இரண்டு கைகளிலும் பாருங்கள். எதில் கூடுதலோ அந்தக் கையிலேயே பிறகு தொடருங்கள். வித்தியாசம் திரும்பத் திரும்ப 10-க்கு மேல் வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கருவி சீரற்ற நாடித்துடிப்பு என்று காட்டிக்கொண்டே இருந்தாலும் அப்படித்தான்.

காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை என்று 7 நாள் எடுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மீதி 24 அளவுகளுக்குச் சராசரி போடுங்கள். மேல் அளவு 135 அல்லது கீழ் அளவு 85, இதில் ஒன்றைத் தொட்டாலே பிபி அதிகம் என்று பொருள். கிளினிக்கில் 140/90 என்பதற்கு வீட்டில் இதுதான் ஈடு.

மேல் அளவு 180 அல்லது கீழ் அளவு 120-ஐத் தாண்டினால் சில நிமிடம் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். குறையாவிட்டால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இருந்தால் காத்திருக்காமல் ஆம்புலன்ஸ்தான். நீங்களாகவே கூடுதல் மாத்திரை போடாதீர்கள். பிபி சட்டென்று சரிந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும்.

நோட்டில் அளவுக்குப் பக்கத்தில் அன்றைக்கு மாத்திரை தவறியதா, தூக்கம் கெட்டதா, இபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரை போட்டீர்களா என்பதையும் குறித்துவையுங்கள். இந்த வகை வலி மாத்திரைகள் பிபியை ஏற்றும். மருந்து சாப்பிடும்போது சராசரி நன்றாக வந்தால், மருந்து வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.