டியூபில் நீர் தேங்கினால் அது நீர்க்கட்டி அல்ல

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஹைட்ரோசால்பிங்ஸ்' என்று வந்தால், வீட்டில் அதை 'நீர்க்கட்டி' என்று சொல்லிவிடுகிறோம். முதல் தவறே அதுதான். நம் ஊரில் நீர்க்கட்டி என்றால் பெரும்பாலும் பிசிஓஎஸ். அது சினைப்பையும் ஹார்மோனும் சம்பந்தப்பட்டது; எடை குறைத்தால் பலருக்கு மாதவிடாய் சீராகும். ஹைட்ரோசால்பிங்ஸ் வேறு. கருக்குழாயின் (டியூபின்) சினைப்பைப் பக்க முனை ஒட்டி மூடிக்கொண்டதால், உள்ளே சுரக்கும் நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, குழாய் வீங்கிவிடுகிறது. எந்தக் கஷாயமும் அந்த முனையைத் திறக்காது.

அடுத்தது, காரணத்தைக் கேட்காமல் விடுவது. கிளாமிடியா போன்ற பாலியல் தொற்று பெரும்பாலும் அறிகுறியே காட்டாமல் குழாயைக் கெடுத்துவிடும். ஆனால் தொற்று மட்டுமே காரணமில்லை. எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), எப்போதோ வெடித்த குடல்வால், பழைய வயிற்று ஆபரேஷன் ஆகியவற்றாலும் குழாய் ஒட்டிக்கொள்ளலாம். அதனால் ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே பெண்ணின் நடத்தையைச் சந்தேகிப்பது பெரிய அநியாயம். தொற்று உறுதியானால் கணவருக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை. அவர் மருந்து எடுக்காவிட்டால் அது திரும்ப வரும்.

நம் நாட்டில் மறக்கவே கூடாதது காசநோய். இருமல் இல்லை, மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று அதை ஒதுக்கிவிட முடியாது. கிருமி ரத்தத்தின் வழியே கருக்குழாய்க்குப் போய், பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும். சின்ன வயதில் டிபி மாத்திரை சாப்பிட்டதையும், வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததையும் வெட்கப்பட்டு மறைப்பவர்கள் நிறைய. தயவுசெய்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்பப்பை உள்சவ்வின் துணுக்கை எடுத்துப் பரிசோதிப்பார்கள். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். மருந்து கிருமியைக் கொல்லும். ஏற்கெனவே சேதமான குழாய் பழையபடி ஆகும் என்று சொல்ல முடியாது.

சரி, பரிசோதனைக்கு வருவோம். ஸ்கேன் நார்மல் என்றால் டியூபும் நார்மல் என்று நினைக்க வேண்டாம். சாதாரணக் கருக்குழாய் ஸ்கேனில் அவ்வளவாகத் தெரியாது. நீர் தேங்கி வீங்கினால்தான் தெரியும். அப்போதும் சினைப்பைக் கட்டி போலத் தோன்றி ஏமாற்றலாம். குழாய்க்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் எச்எஸ்ஜியை, மாதவிடாய் ரத்தப்போக்கு நின்றபின், கருமுட்டை வெளிவருவதற்கு முன்பு, சுமாராக 6 முதல் 11ஆம் நாளுக்குள் செய்வார்கள். காய்ச்சலோ அடிவயிற்று வலியோ நாற்றமுள்ள வெள்ளைப்படுதலோ இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள், தள்ளிப்போடுவார்கள். குழாய் தொடங்கும் இடத்தில் தசை இறுகினால்கூட எச்எஸ்ஜியில் அடைப்பு போலத் தெரியும். அந்த ஒரு படத்தை வைத்து மனம் உடைய வேண்டாம். சந்தேகம் தீராவிட்டால், வயிற்றில் சிறு துளை வழியே கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி. இதற்கெல்லாம் முன்பே கணவரின் விந்துப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். வலியே இல்லாத அந்தச் சோதனையைக் கடைசிக்குத் தள்ளுவது எனக்குப் புரிவதேயில்லை.

'கருவை வெளியே உருவாக்கிக் கர்ப்பப்பையில் வைக்கும் ஐவிஎஃப்தானே செய்யப்போகிறோம், டியூப் எப்படி இருந்தால் என்ன?' என்று விட்டுவிடுவதும் தவறு. தேங்கிய நீர் கர்ப்பப்பைக்குள் கசிந்து, கரு ஒட்டுவதைக் கெடுக்கும். வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். அதனால்தான் முதலில் அந்தக் குழாயை எடுக்கவோ கர்ப்பப்பைப் பக்கம் அடைக்கவோ சொல்கிறார்கள். குழாயை எடுத்தால் மாதவிடாய் நிற்காது. சினைப்பையும் கர்ப்பப்பையும் அப்படியே இருக்கும்.

ஒரு பக்கம் நல்ல குழாய் இருந்தால் இயல்பாகவே கரு தரிக்கலாம். அப்போது குழாயிலேயே கரு தங்கும் ஆபத்தும் கூடுதல். நாள் தள்ளிப்போய் டெஸ்ட் பாசிட்டிவ் வந்தால் சீக்கிரமே ஸ்கேன் பார்த்து, கரு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பக்க வலி, தோள்பட்டை வலி, தலைச்சுற்றல் வந்தால் இரவென்றாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.