தெருப்பணிக்கு நகர மேம்பாட்டு நிதியைக் கேட்டுப் பெறுவது எப்படி

தமிழ்நாட்டில் நகராட்சி அலுவலகத்துக்கு வடிகால் கேட்டுப் போனாலும், பூங்காவுக்குச் சுற்றுச்சுவர் கேட்டுப் போனாலும் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் பதில் ‘நிதி இல்லை’ என்பதுதான். அந்தப் பதிலைப் பொய் என்று ஒதுக்க வேண்டியதில்லை. நீங்கள் கேட்கும் வேலைக்கு, நீங்கள் கேட்கும் இந்த மாதத்தில், அவர்கள் மனத்தில் இருக்கும் கணக்குத் தலைப்பில் பணம் இல்லை என்பதே பல நேரங்களில் அதன் முழுப்பொருள். உள்ளாட்சியின் பணம் ஒரே பெட்டியில் இருப்பதில்லை. எந்தப் பெட்டியில் எந்த வேலைக்கு இடமிருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அந்தப் பெட்டிக்குப் பொருந்தும் வடிவத்தில் கேட்பதுதான் குடியிருப்போர் சங்கங்கள் கற்க வேண்டிய முதல் பாடம்.

நகர்ப்புற உள்ளாட்சியின் சொந்தக் கணக்கே மூன்றாகப் பிரிந்திருக்கிறது: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி. நாம் கட்டும் சொத்து வரி இந்த மூன்றுக்கும் பங்கிடப்படுகிறது. ஆகவே நகராட்சிப் பள்ளியின் கழிப்பறை பற்றிய கோரிக்கையைச் சாலைப் பணிகளின் பட்டியலோடு சேர்த்துக் கொடுப்பதைவிட, கல்வி நிதியின் கீழ் எடுத்துக்கொள்ளுமாறு தனி மனுவாகக் கொடுப்பதே நல்லது. சென்னையில் மட்டும் குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்தின் பொறுப்பில் இருப்பதால், அந்த வேலைகளுக்கு மாநகராட்சியின் கதவைத் தட்டுவதில் பயனில்லை.

சொந்த நிதிக்கு வெளியே இருப்பவை மானியங்களும் திட்டங்களும். பதினைந்தாவது நிதிக் குழு 2021–26 காலத்துக்குப் பரிந்துரைத்த மானியத்தில், பத்து லட்சத்துக்கும் அதிக மக்கள் கொண்ட பெருநகரத் தொகுப்புகளுக்கு வெளியே உள்ள நகரங்களுக்கு உரிய தொகையில் 60 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, சுகாதாரம், திடக்கழிவு மேலாண்மை ஆகியவற்றுக்கென்றே கட்டப்பட்டிருந்தது. மீதி 40 சதவீதம்தான் நிபந்தனையற்றதாக இருந்தது. 2021 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் அம்ருத் 2.0 திட்டம் குடிநீர், கழிவுநீர், நீர்நிலை, பூங்கா என்ற வட்டத்துக்குள் நிற்கிறது. கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் மாநில அரசின் நிதி. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு ரூ.3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு ரூ.5 கோடி. இவ்விரண்டிலும் உறுப்பினர் பரிந்துரைக்கத்தான் முடியும். அனுமதி வழங்குவது மாவட்ட நிர்வாகம். நாடாளுமன்ற உறுப்பினர் நிதியில் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்குக் குறைந்தது 15 சதவீதமும், பழங்குடியினர் பகுதிகளுக்கு 7.5 சதவீதமும் பரிந்துரைக்கப்பட வேண்டும் என்பது விதி. அப்படிப்பட்ட பகுதியிலிருந்து எழுதுபவர்கள் மனுவின் முதல் வரியிலேயே அதைக் குறிப்பிடத் தயங்கக் கூடாது. அது சலுகை கேட்பது அன்று, ஒதுக்கப்பட்டதைக் கேட்பது.

மனு எழுதும் முன் நிலம்

பணத்தைத் தேடும் முன் நிலம் யாருடையது என்று பார்க்க வேண்டும். பொது நிதியைத் தனியார் நிலத்தில் செலவிட முடியாது என்பதால், எத்தனையோ நல்ல கோரிக்கைகள் இந்த ஒரே இடத்தில் நின்றுபோகின்றன. நாம் நாற்பது ஆண்டுகளாக நடக்கும் தெரு இன்னும் மனைப்பிரிவு போட்டவரின் பெயரிலேயே இருக்கக்கூடும். சாலைகளும் பூங்கா இடமும் தானப் பத்திரம் வழியாக உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தால்தான் அவற்றில் செலவு செய்ய இயலும். வருவாய்த் துறையின் இணையச் சேவைத் தளத்தில் நகர நிலஅளவைப் பதிவேட்டின் நகலை எடுத்து, அந்தச் சர்வே எண் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடம் இருந்தால் அதில் பூங்கா என்று குறிக்கப்பட்ட இடத்தை அடையாளம் காணுங்கள். தானப் பத்திரம் பதிவாகவில்லை என்று தெரியவந்தால், உங்கள் முதல் மனு பூங்கா கேட்பதாக இருக்கக் கூடாது. அந்த இடத்தை உள்ளாட்சியின் பெயருக்குக் கொண்டுவரக் கேட்பதாக இருக்க வேண்டும். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதா, குளம் நீர்வளத் துறையுடையதா என்பதையும் இதே வேளையில் தெரிந்துகொண்டால் தவறான மேசையில் ஆறு மாதம் போகாது.

கோரிக்கையை வேலையாக எழுதுதல்

‘எங்கள் தெருவில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி மக்கள் பெரிதும் அவதிப்படுகின்றனர்; ஆவன செய்ய வேண்டுகிறோம்’ என்று எழுதுவது நம் வழக்கம். அதில் ஒரு பொறியாளர் மதிப்பீடு போடத் தேவையான எதுவும் இல்லை. அதே கோரிக்கையை, ‘வார்டின் இன்ன தெருவில், இந்த எண்ணுள்ள மின்கம்பம் தொடங்கி மேற்கே உள்ள சிறுபாலம் வரை 140 மீட்டர் நீளத்துக்கு மழைநீர் வடிகால் அமைத்து, சிறுபாலத்தின் அருகே உள்ள பிரதான வாய்க்காலில் இணைத்தல்’ என்று எழுதினால் அது உடனே ஒரு வேலையின் பெயராகிவிடுகிறது. பட்டியலில் ஏறுவது வேலைகளின் பெயர்கள்தாம். ஆகவே நாடாவைப் பிடித்து நீங்களே அளந்துவிடுங்கள். நீளம், சாலையின் அகலம், குறுக்கே வரும் குடிநீர்க் குழாய், அகற்ற வேண்டிய மின்கம்பம், தண்ணீர் நின்ற உயரம் சுவரில் விட்ட கறை ஆகியவற்றைக் குறித்து, மழை நாளில் எடுத்த புகைப்படத்தை இணையுங்கள். மின்கம்பத்தை நகர்த்த மின்வாரியத்துக்குத் தனியே பணம் கட்ட வேண்டியிருக்கும் என்பதால், அதை மனுவிலேயே சொல்லிவிட்டால் மதிப்பீட்டில் சேர வாய்ப்புண்டு. சொல்லாவிட்டால் வடிகால் கம்பத்தடியில் வந்து நின்றுவிடும்.

இதை அனுபவத்தில் இருந்தே வலியுறுத்துகிறேன். நான் முன்பு குடியிருந்த தெருவில் பல ஆண்டுகள் கேட்டபின் வடிகால் கட்டினார்கள். கான்கிரீட் நன்றாகவே இருந்தது, மூடிகளும் ஒழுங்காக இருந்தன. ஆனால் அது சென்று சேர வேண்டிய பழைய வாய்க்காலின் அடிமட்டம் எங்கள் வடிகாலின் அடிமட்டத்தைவிட ஏறக்குறைய அரை அடி உயரமாக இருந்தது. தண்ணீர் மேட்டில் ஏறாது அல்லவா. இரண்டு மழைக்காலம் அந்த வடிகால் நீளமான தொட்டியாகவே கிடந்து கொசு வளர்த்தது. ஒப்பந்தக்காரர் மதிப்பீட்டில் இருந்ததைத்தான் கட்டினார். மதிப்பீடு எங்கள் மனுவில் இருந்த நீளத்துக்குத்தான் போடப்பட்டது. மனுவை எழுதிய நாங்கள் எங்கள் வீட்டு வாசல்களை மட்டுமே அளந்தோம், கடைசியில் தண்ணீர் வெளியேறும் இடத்தை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து வடிகால் என்றால் கடைமடையிலிருந்து தொடங்கித்தான் அளக்கச் சொல்கிறேன்.

சாலைக்கும் இத்தகைய ஒரு கேள்வி உண்டு. பழைய சாலையின் மேலேயே புதிய தார் அடுக்கைப் போட்டுக்கொண்டே போனால் சில ஆண்டுகளில் வீட்டு வாசற்படி சாலைக்குக் கீழே போய்விடும். பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பின்பே புதியது போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருந்தார். உங்கள் தெருவின் மதிப்பீட்டில் அந்தச் சுரண்டும் வேலை தனி இனமாக இருக்கிறதா என்று கேளுங்கள். பாதாளச் சாக்கடை இணைப்போ புதிய குடிநீர்க் குழாயோ வரவிருந்தால் அது முடியும் வரை சாலையைக் கேட்காமல் பொறுத்திருப்பது மேல். ஒரே நிதியை இருமுறை செலவழிக்க எந்த ஊராலும் முடியாது.

யாரிடம், எப்போது

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. வரவுசெலவுத் திட்டம் அதற்கு முந்தைய சில மாதங்களில் உருவாகிறது. ஆகவே அக்டோபர் முதல் டிசம்பருக்குள் அளவுகளோடு கூடிய மனு வார்டு உறுப்பினரிடமும், நகராட்சியானால் ஆணையரிடமும், பேரூராட்சியானால் செயல் அலுவலரிடமும் சேர்ந்துவிட வேண்டும். மார்ச்சில் கொடுக்கும் மனு அடுத்த ஆண்டின் வரிசையில் நிற்கும். தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டால் தொடங்காத பணிகள் தேர்தல் முடியும் வரை காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கிராமசபையைப் போல நகரங்களுக்கு எதுவும் இல்லையே என்ற குறை நீண்ட காலம் இருந்தது. அதற்காக 2022இல் வார்டு குழு, பகுதி சபா ஆகியவற்றுக்கான விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று பகுதி சபாக் கூட்டங்கள் நடந்தன. ஒவ்வொரு வார்டும் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, வார்டு உறுப்பினரின் தலைமையில் சபா கூடுகிறது. பத்துப் பேர் பத்துக் குறைகளைச் சொல்லிக் கலைந்தால் அங்கே எதுவும் நடக்காது. கூட்டத்துக்கு முன்பே தெருக்காரர்கள் கூடிப் பேசி, முதல் வேலை எது, இரண்டாவது எது என்று முடிவு செய்துகொண்டு வந்து, அது தீர்மானமாகப் பதிவேட்டில் எழுதப்படும் வரை இருந்து பார்த்துவிட்டு வர வேண்டும். வாய்மொழி வாக்குறுதி எவ்வளவு அன்பாகச் சொல்லப்பட்டாலும் மன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் ஏறாது. பதிவான தீர்மானத்தைக் காட்டி, மன்றத்தில் இதைப் பொருளாக வையுங்கள் என்று உறுப்பினரிடம் கேட்க முடியும்.

பங்களித்துப் பெறுதல்

உள்ளாட்சியின் பட்டியலில் இடம் கிடைக்காத வேலைகளுக்கு ‘நமக்கு நாமே’ திட்டம் நல்ல வழி. 1997–98இல் தொடங்கப்பட்டு, இடையில் நின்று, 2021இல் நகர்ப்புறங்களுக்கு மீண்டும் கொண்டுவரப்பட்ட இத்திட்டத்தில், மதிப்பீட்டுத் தொகையில் மூன்றில் ஒரு பங்கையாவது மக்கள் தர வேண்டும். மீதியை அரசு தரும். பூங்கா மேம்பாட்டுக்கு ரூ.12 லட்சம் மதிப்பீடு என்றால் தெருவின் பங்கு ரூ.4 லட்சம். தனிநபர், சங்கம், நிறுவனம் என யாரும் பங்களிக்கலாம். தொகையைத் திரட்டும் முன் மதிப்பீட்டைக் கையில் வாங்கிவிடுங்கள். நாமே குத்துமதிப்பாக ஒரு தொகையைச் சொல்லி வசூலித்துவிட்டுப் பிறகு மதிப்பீடு கூடுதலாக வந்தால் மறுபடி வீடு வீடாகப் போய் நிற்பது பெரும் சங்கடம். பணத்தைச் சங்கத்தின் வங்கிக் கணக்கிலிருந்து வரைவோலையாக உள்ளாட்சியின் பெயரில் மட்டுமே செலுத்தி ரசீது பெறுங்கள். ஒப்பந்தக்காரரிடமோ இடைநபரிடமோ ஒரு ரூபாயும் தர வேண்டாம். வசதியுள்ள தெருக்களே இத்திட்டத்தின் பயனை அதிகம் பெறும் அபாயம் இருக்கிறது என்பதை நான் மறுக்க மாட்டேன். அதனால்தான் பணம் திரட்டக்கூடிய சங்கங்கள் பக்கத்துக் குடிசைப் பகுதிக்கும் பயன்படும் பொதுக் கழிப்பறை, நூலகம் போன்றவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பணி நடக்கும்போது

நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்ற வரிசையில் கோப்பு நகர்கிறது. எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை மாதம் ஒருமுறை பொறியியல் பிரிவில் கேட்டு, தேதியோடு குறித்து வையுங்கள். பணி ஆணை வந்ததும் மதிப்பீட்டின் நகலைப் பெற முயலுங்கள். கேட்டுத் தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது: ரூ.10 நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். நகலுக்குப் பக்கத்துக்கு ரூ.2. பலரும் அறியாத ஒன்று, இந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு ஆவணங்களைப் பார்ப்பதற்கு மட்டுமன்றி, பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்தும் பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது.

நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டிய முக்கிய ஆவணம் அளவுப் புத்தகம். எம்-புக் என்றால் அலுவலகத்தில் எல்லோருக்கும் புரியும். ஒப்பந்தக்காரருக்குப் பணம் போவது அதில் பொறியாளர் எழுதும் நீளம், அகலம், கனம் ஆகியவற்றைப் பொறுத்துத்தான். அதில் வடிகாலின் நீளம் 140 மீட்டர் என்று இருந்து, உங்கள் நாடா 128 என்று காட்டினால், ஒப்பந்தக்காரரின் இறுதிப் பட்டியல் (பில்) அனுமதிக்கப்படும் முன்பே எழுத்து மூலம் தெரிவியுங்கள். குற்றம்சாட்டும் தொனி வேண்டாம். ‘கூட்டு அளவீடு செய்யக் கோருகிறோம்’ என்று ஒரு வரி போதும். மூடிவிட்டால் பார்க்க முடியாத வேலைகளான அடித்தளம், கம்பி கட்டுதல், குழாய்ப் பதிப்பு ஆகியவற்றை மூடும் முன்பே தேதி தெரியும்படி படமெடுத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் போட்ட மறுநாளிலிருந்து தண்ணீர் ஊற்றி ஆற்றுகிறார்களா என்று தெருவில் இருப்பவர்களே கவனிக்கலாம். அதற்குப் பொறியியல் படிப்பு தேவையில்லை.

பணி முடிந்த பிறகு குறிப்பிட்ட காலத்துக்கு ஏற்படும் குறைகளை ஒப்பந்தக்காரரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். அதற்காக அவருடைய பணத்தின் ஒரு பகுதி பிடித்து வைக்கப்பட்டிருக்கும். அந்தக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதைப் பணி முடிந்த அன்றே கேட்டு எழுதி வையுங்கள். முதல் பெருமழை பெய்த மறுநாள் காலையில் வடிகாலின் தொடக்கம் முதல் கடைமடை வரை நடந்து, தண்ணீர் நிற்கும் இடங்களைப் படமெடுத்து, அந்தத் தேதி முடிவதற்குள் ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.