கண்ணும் வாயும் வறண்டால்: ஷோக்ரன் நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க

கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்று போனால் கண் டாக்டர் சொட்டு மருந்து தருவார். பல் ஒவ்வொன்றாகச் சொத்தையாகிறது என்றால் பல் டாக்டர் அடைத்து அனுப்புவார். மூட்டு வலிக்கு ஒருவர், தீராத அசதிக்குச் சத்து மாத்திரை எழுத இன்னொருவர். நான்கும் ஒரே நோயாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாமலே வருடங்கள் ஓடிவிடும். உடலின் எதிர்ப்பு சக்தி, கண்ணீரும் எச்சிலும் சுரக்கும் சுரப்பிகளையே தாக்குவதுதான் ஷோக்ரன் நோய். 1933இல் ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன், கண் வறண்ட 19 பெண்களைப் பற்றி எழுதினார். அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. கண் மருத்துவராக இருந்தும் அவர் மூட்டையும் விசாரித்தார். சீக்கிரம் கண்டுபிடிக்கும் வழி இன்றும் அதுதான்.

இந்த நோய் வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் 40 வயதைத் தாண்டியவர்கள். “மாதவிடாய் நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்” என்ற பதில் சுலபமாகக் கிடைத்துவிடுவதும் அதனால்தான்.

முதலில் ஐந்து கேள்விகள். கண் வறட்சி மூன்று மாதத்துக்கு மேலாகத் தினமும் தொந்தரவு செய்கிறதா? மணல் உறுத்துவது போன்ற உணர்வு அடிக்கடி வருகிறதா? கண் ஈரத்துக்கான சொட்டு மருந்தை ஒரு நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் விடுகிறீர்களா? வாய் வறட்சி மூன்று மாதத்துக்கு மேலாகத் தினமும் இருக்கிறதா? பிஸ்கட், பொரி, சப்பாத்தி போன்ற உலர்ந்த உணவை விழுங்க அடிக்கடி தண்ணீர் தேவைப்படுகிறதா? ஒன்றுக்காவது ‘ஆம்’ என்றால் மேலே பார்ப்பது நியாயம்.

டாக்டரிடம் போகுமுன் ஒரே ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள். எந்த அறிகுறி எந்த மாதம் தொடங்கியது, பற்களில் எத்தனை அடைத்தவை, சொத்தை ஈறை ஒட்டி வருகிறதா (எச்சில் குறைந்தவர்களுக்கு அப்படித்தான் வரும்), காதுக்குக் கீழே கன்னம் வீங்கி வடிந்தது எத்தனை முறை, வறட்டு இருமல், கை கால் மரத்துப்போதல், பெண்ணுறுப்பு வறட்சி. கடைசியானதைக் கேட்கவும் மாட்டார்கள், சொல்லவும் கூச்சம். எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. சாப்பிடும் மாத்திரைகளையும் அதே தாளில் எழுதுங்கள். மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், சளிக்கும் அரிப்புக்கும் தரும் செட்ரிசின், குளோர்ஃபெனிரமின், சிறுநீர் அவசரத்துக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் எல்லாமே வறட்சி தருபவை. வறட்சிக்குக் காரணம் மாத்திரையா நோயா என்று பிரிப்பதுதான் டாக்டரின் முதல் வேலை. ஆனால் எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கல்லீரல் பரிசோதனைத் தாளில் குளோபுலின் என்ற புரதத்தின் அளவு கூடியிருக்கிறதா, அழற்சியைக் காட்டும் இரண்டு ரத்தப் பரிசோதனைகளில் ஈ.எஸ்.ஆர். அதிகமாகவும் சி.ஆர்.பி. சாதாரணமாகவும் இருக்கிறதா, வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இவை நோயை நிரூபிக்காது, ஆனால் அந்தப் பக்கம் கை காட்டும். தவறான பக்கம் இழுப்பதும் ஒன்று உண்டு: முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபாக்டர் என்ற ரத்தப் பரிசோதனை. ஷோக்ரன் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது பாசிட்டிவாகவே வரும். அதைப் பார்த்ததும் முடக்குவாதம் என்று முத்திரை குத்திவிட்டால் கண்ணும் வாயும் மறந்துபோகும்.

யாரிடம் போவது? ரூமட்டாலஜிஸ்ட் என்கிற வாதநோய் நிபுணரிடம். முடநீக்கியல் பிரிவு என்பது எலும்பு டாக்டர், இரண்டும் வேறு. சென்னை மருத்துவக் கல்லூரி, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றில் இதற்கென்றே துறைகள் உள்ளன.

மதிப்பெண் எப்படி?

2016இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் சேர்ந்து ஒரு கணக்கு வகுத்தன. ஆய்வுகளுக்காக உருவானது என்றாலும் டாக்டர்கள் நோயைத் தீர்மானிக்கும்போதும் இதையே மனதில் வைத்திருக்கிறார்கள். உடலையே தாக்கும் எதிர்ப்பொருள்களில் ஒன்றான ரோ (எஸ்.எஸ்.ஏ. என்றும் சொல்வார்கள்) ரத்தத்தில் இருந்தால் 3. உதட்டுத் திசுப் பரிசோதனை பொருந்தினால் 3. கண்ணீர் அளவு, எச்சில் அளவு, கண் மேற்பரப்பில் சாயம் ஒட்டும் அளவு ஆகியவற்றுக்குத் தலா 1. மொத்தம் 4 வேண்டும். ரோ பாசிட்டிவாகி, மற்ற மூன்றில் ஒன்று சேர்ந்தாலே போதும். உதட்டைத் தொட வேண்டியதில்லை. ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. முற்றிய நிலை, பல உறுப்புகளில் அழற்சி தரும் சார்கோய்டோசிஸ், ஐ.ஜி.ஜி.4 நோய், தலை கழுத்துக்குக் கதிர்வீச்சு வாங்கியது போன்றவையும் இதே வறட்சியைத் தரும் என்பதால் அவற்றை முதலில் விலக்குவார்கள்.

ரத்தப் பரிசோதனையில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இத்தகைய எதிர்ப்பொருள்கள் உண்டா என்று பொதுவாகப் பார்க்கும் ஏ.என்.ஏ. பரிசோதனை நெகட்டிவ் என்றதும் கோப்பை மூடிவிடுவார்கள். ஆனால் ஏ.என்.ஏ. நெகட்டிவாக இருந்தும் ரோ பாசிட்டிவாக வருபவர்கள் உண்டு. ஆகவே ‘ஏ.என்.ஏ. புரொஃபைல்’ என்று லேப்களில் சொல்லும், எதிர்ப்பொருள்களைத் தனித்தனியாகக் காட்டும் பரிசோதனையைக் கேளுங்கள். அதில் ரோவின் இரண்டு வகைகளான ரோ-60, ரோ-52 தனி வரிகளாக இருக்கும். ரோ-52 மட்டும் தெரிந்தால் தசை அழற்சி, நுரையீரல் நோய் போன்றவற்றிலும் அது வரும் என்பதால் அவசரப்பட வேண்டாம். எஸ்.எஸ்.பி. என்ற இன்னொரு எதிர்ப்பொருள் மட்டும் பாசிட்டிவாக வந்தால் இந்தக் கணக்கில் மதிப்பெண் இல்லை.

கண்ணீர் அளவைப் பார்க்க ஷிர்மர் பரிசோதனை. 5 மில்லிமீட்டர் அகலத் தாள் துண்டை மடக்கிக் கீழ் இமையின் வெளிப்பக்கத்தில் மாட்டி 5 நிமிடம் விடுவார்கள். ஒரு கண்ணிலாவது 5 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவாக நனைந்தால் மதிப்பெண். மரத்துப்போகும் சொட்டு போட்டுச் செய்வது வேறு பரிசோதனை. அந்த எண்ணை இதில் வைக்கக் கூடாது. கண் சொட்டு மருந்தைக் குறைந்தது 2 மணி நேரம் முன்பே நிறுத்துங்கள், கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். சாயம் போட்டுப் பார்ப்பதை ஷிர்மருக்குப் பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எச்சில் அளவை வீட்டிலேயே தோராயமாகப் பார்க்கலாம். காலையில், ஒரு மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல், பல் துலக்காமல் இருந்து, தலையைக் குனிந்து, மெல்லாமல், ஊறுவதையெல்லாம் 15 நிமிடம் சின்னக் கிண்ணத்தில் துப்புங்கள். 1.5 மில்லிக்கு மேல் தேறவில்லை என்றால் நிமிடத்துக்கு 0.1 மில்லிதான் சுரக்கிறது, அதுவே எல்லைக்கோடு. நுரை ஏமாற்றும், அதனால் அளவுக் குழாயைவிட எடை நல்லது: 0.1 கிராம் வரை காட்டும் தராசில் கிண்ணத்தைத் துப்புமுன்னும் துப்பிய பின்னும் எடை பாருங்கள், ஒரு கிராம் என்றால் ஒரு மில்லி. இது டாக்டரிடம் காட்டத்தான், நோயைத் தீர்மானிக்க அல்ல.

ரோ நெகட்டிவாக இருந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் உதட்டுத் திசு எடுக்க வேண்டும். பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. கீழுதட்டின் உட்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கீறி, மிளகைவிடச் சிறிய சுரப்பிகள் நான்கைந்து எடுப்பார்கள். சில வாரம் மரத்திருக்கலாம், சிலருக்கு அது நீடிக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் முன்பே சொல்ல வேண்டும். குறைவான சுரப்பி எடுத்தாலும், ஸ்டீராய்டு தொடங்கிவிட்ட பிறகு எடுத்தாலும், புகைபிடிப்பவராக இருந்தாலும் விடை பொய்யாக நெகட்டிவாகலாம். ரிப்போர்ட்டில் ‘ஃபோகஸ் ஸ்கோர்’ என்ற எண் கட்டாயம் இருக்க வேண்டும். 50 அல்லது அதற்கு மேற்பட்ட லிம்ஃபோசைட் (ஒருவகை வெள்ளை அணு) அணுக்கள் கூடிய ஒரு திரள் ஒரு ஃபோகஸ். 4 சதுர மில்லிமீட்டருக்கு ஒன்றாவது இருந்தால் பொருந்தும். வெறுமனே ‘நாள்பட்ட அழற்சி’ என்று எழுதியிருந்தால் அது பாதி விடைதான். அதே ஸ்லைடை இதில் பழக்கமுள்ள நோய்க்குறியியல் நிபுணரிடம் மறுபடி காட்டுங்கள்.

வறட்சி தெரியாமலே வருவது

காலையில் எழும்போது கால் தூக்க முடியவில்லை, ரத்தத்தில் பொட்டாசியம் மிகக் குறைவு. ஷோக்ரன் முதலில் இப்படியே வெளிப்பட்ட நோயாளிகளைப் பற்றி இந்திய மருத்துவர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள். அழற்சியால் சிறுநீரகம் அமிலத்தை வெளியேற்ற முடியாமல் போகிறது, கூடவே பொட்டாசியமும் வீணாகிறது. ரத்தம் அமிலமாக இருக்கும்போது சிறுநீரின் பி.எச். 5.5க்கு மேலேயே நிற்கும், அதாவது சிறுநீரில் போதிய அமிலம் இறங்காது. பொட்டாசியம் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினால் மறுபடி வரும். ரோ பரிசோதனை கேளுங்கள். திரும்பத் திரும்பச் சிறுநீரகக் கல் வருபவர்களும் கேட்கலாம்.

கருத்தரிக்கப் போகிற பெண்ணுக்கு ரோ இருப்பது தெரிந்தால் மகப்பேறு மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும். நூற்றில் ஒன்றிரண்டு கர்ப்பங்களில் குழந்தையின் இதயத்துடிப்பு தடைபட்டு வேகம் குறையலாம். பெரும்பாலும் 18 முதல் 26 வாரத்துக்குள். தாய்க்கு எந்த வறட்சியும் இல்லாமல், குழந்தையின் துடிப்பு குறைந்த பிறகே நோய் தெரியவந்த குடும்பங்களும் உண்டு.

நோய் உறுதியானவர்களுக்குக் காதடியில் வீக்கம் வந்து வடியாமல் கெட்டியாக நின்றாலோ, காலில் ஊதா நிறப் புள்ளிகள் வந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயா என்று உடனே பார்க்க வேண்டும். ஆறு மாதம் கழித்து வரச் சொன்ன தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.