மலைச்சரிவு வீட்டின் கீழ்த்தட்டில் மாதிரி ரயில் பாதை: முதலில் அறை, பிறகுதான் தண்டவாளம்

ஹற்றன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் சரிவில் கட்டிய வீடுகளில் ரோட்டுக்குச் சமமாக ஒரு தட்டும், அதற்குக் கீழே பாதி மண்ணுக்குள் இருக்கும் இன்னொரு தட்டும் இருப்பதுண்டு. விறகும் பழைய தளபாடமும் அடைந்து கிடக்கும் அந்தக் கீழறை மாதிரி ரயில் பாதைக்கு அருமையான இடம். வெயில் படாது, ஆள் நடமாட்டம் குறைவு, ஒருமுறை அமைத்ததைக் கழற்றி வைக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் ஒரு சுவருக்குப் பின்னால் இருப்பது மண். அந்த மண் மழை நீரைப் பிடித்து வைத்திருக்கிறது.

ஆகவே ஒரு மழைக்காலம் முழுக்க அறையைப் பார்த்துவிட்டுப் பலகை வாங்குங்கள். ஹற்றன், நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை பார்க்க வேண்டும். இரண்டடிச் சதுரப் பொலித்தீன் துண்டு ஒன்றை மண் பக்கச் சுவரிலும் இன்னொன்றைத் தரையிலும் வைத்து, நாலு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனுக்கு உள்பக்கம் ஈரம் பூத்தால் தண்ணீர் மண்ணிலிருந்து ஊறுகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

ஊறலுக்கு வைத்தியம் வெளியே இருக்கிறது. உள்ளே தண்ணீர் புகாத பெயின்ட் அடித்தால் மட்டும் போதாது. பின்னால் நிற்கும் ஈரம் உப்பைத் தள்ளிக்கொண்டு வந்து, பெயின்டைச் செதில் செதிலாக உரித்துவிடும். முதலில் கூரைப் பீலியின் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். அது சுவரடியில் விழுந்தால் குழாய் போட்டுத் தூர விடுங்கள். மேட்டுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள கானைத் தூர்வாரி, வீட்டைவிட்டு வெளியே ஓடும்படி வாட்டம் கொடுத்து, அடியைச் சீமெந்து பூசுங்கள். கானின் அடிமட்டம் அறைத் தரையைவிடத் தாழ்வாக இருந்தால்தான் பயன். சுவரில் தண்ணீர் வடியும் துளைகள் இருந்தால் அவற்றை அடைக்கவே கூடாது. அறையைப் பெரிதாக்க மேட்டை வெட்டும் எண்ணம் இருந்தால், மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்காமல் மண்வெட்டியைத் தொட வேண்டாம். எந்த மாதிரிப் பாதையும் அந்த ஆபத்துக்கு ஈடாகாது.

காற்றின் ஈரத்துக்கு ஓர் ஈரப்பதமானி வாங்கி மாட்டுங்கள். இலக்கு 45 முதல் 60 சதவீதம். பனிமூட்டம் இறங்கும் வேளையில் ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வரும், வெளியே போகாது. காய்ந்த மத்தியானத்தில் திறந்து, மூட்டம் வருமுன் மூடுங்கள். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்குவதானால் ஒன்றைக் கவனியுங்கள்: கொம்பிரசர் வகை 15 பாகைக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. நுவரெலியாக் குளிருக்கு உறிஞ்சு பொருள் கொண்ட வகைதான் சரி.

காய்ந்த பிறகு தரைக்கு வெளிர் நிறத் தரைப் பெயின்ட் அடியுங்கள். சீமெந்துத் தூசி எழாது, விழுந்த சின்ன ஸ்குருவும் கண்ணில் படும். மேல்தட்டு பலகைத் தளமாக இருந்தால் அடியில் சீலிங் அடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நடக்க நடக்கத் தூசி கொட்டும்.

இனி இடக்கணக்கு. ஒரு பக்கத்திலிருந்து கை எட்டுவது 75 செ.மீ. தான். நடைபாதை 75 செ.மீ.க்குக் குறையாமலும், தண்டவாளம் தரையிலிருந்து 110 செ.மீ. அளவிலும் இருக்கட்டும். திட்டத்தைத் தாளில் மட்டும் வரையாமல் தரையில் சோக்கால் முழு அளவில் வரைந்து, இரண்டு பேர் நடந்து பாருங்கள்.

மலையகத்துக்காரருக்குத் தெமோதரை வளையம் வேண்டும் என்ற ஆசை வராமல் இருக்காது. ஸ்டேஷனை விட்டுப் பதுளை நோக்கி இறங்கும் பாதை, மலையைச் சுற்றி வந்து அதே ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. நிஜப் பாதையின் கடும் ஏற்றம் 44க்கு 1 (44 மீற்றர் ஓடினால் ஒரு மீற்றர் உயரும்), மிகக் கூர்மையான வளைவின் ஆரம் சுமார் 100 மீற்றர். ‘N’ எனப்படும் மாதிரி ரயில் அளவில், அதாவது நிஜத்தின் 160இல் ஒரு பங்கில், அந்த ஆரம் 63 செ.மீ. ஆகிவிடும், நிஜ வளைவையே போடலாம். எச்ஓ (HO) அளவில், அதாவது 87இல் ஒரு பங்கில், அது 1.15 மீற்றர், அறைக்குள் அடங்காது, சுருக்கத்தான் வேண்டும்.

எச்ஓவில் 60 செ.மீ. ஆர வட்டத்தின் சுற்றளவு 3.77 மீற்றர். 44க்கு 1 சரிவில் அது 86 மி.மீ. தான் இறங்கும். மேல்பாதையின் 12 மி.மீ. பலகை, கோர்க், தண்டவாளம் போக மிஞ்சும் 66 மி.மீ.க்குள் ரயில் நுழைந்துவிடும், தடம் விலகிய பெட்டியை எடுக்கக் கை நுழையாது. 70 செ.மீ. ஆரம் வைத்தால் 4.4 மீற்றர் கிடைக்கும், 100 மி.மீ. இறங்கலாம். பலர் இங்கேதான் தவறுகிறார்கள்: ஸ்டேஷன் மட்டமாக இருக்க வேண்டும், அந்த நீளம் சரிவில் சேராது. வளைவு முடிந்து பிளாட்போம் தொடங்கும் இடத்தில் 60 செ.மீ. மட்டம் வேண்டுமென்றால், வட்டத்தை 30 செ.மீ. இழுத்து நீள்வட்டமாக்கி அந்த நீளத்தை ஈடுசெய்யுங்கள். ஓரங்களையும் சேர்த்து 1.6க்கு 1.9 மீற்றர் இடம் போகும். அதன் நடுப்பகுதி கைக்கு எட்டாது. ஆகவே நடுவில் இரண்டடிச் சதுரம் திறந்து விட்டு, கீழிருந்து ஏறி நிற்க வழி வையுங்கள். அதன்மேல் வரும் மலையைக் கழற்றி எடுக்கக்கூடிய ரிஜிபோம் மூடியாகச் செய்யலாம்.

12க்கு 16 அடி அறையில் சுவரோரமாக இரண்டடி அகலத் தட்டுக்கு எட்டுக்கு நாலடிப் பிளைவுட் மூன்று, வளையத்துக்கு இன்னும் இரண்டு போதும். தண்ணீர் தாங்கும் தரமாக வாங்குங்கள். சிப்போர்ட்டும் எம்டிஎஃப்பும் ஈரத்தில் உப்பிப்போகும். இரு முகத்துக்கும் வெட்டு ஓரங்களுக்கும் வார்னிஷ் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை வளையும். சட்டத்துக்கும் காலுக்கும் ஓரங்குலப் பொக்ஸ் பார் (உள்ளே வெற்றான சதுர இரும்புக் குழாய்), குறுக்குச் சட்டம் இரண்டடிக்கு ஒன்று. கறையான் பயம் இதில் இல்லை. மண் பக்கச் சுவரில் எதையும் ஆணியடிக்காமல், மூன்றங்குலம் இடைவெளி விட்டுத் தனிக்காலில் நிறுத்துங்கள். ஊறல் திரும்பினால் சுவரைப் பார்க்கவும் முடியும், காற்றும் ஓடும்.

தண்டவாள இணைப்புத் தகடுகளை மின்சாரத்துக்கு நம்ப வேண்டாம், ஈரத்தில் அவைதான் முதலில் கறுத்துப்போகும். அடியில் 1.5 சதுர மி.மீ. வயர் இரண்டு ஓட்டி, ஒவ்வொரு மூன்றடித் தண்டவாளத்துக்கும் தனிக் கிளை வயர் பற்றவையுங்கள். அறைக்கு 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். ஏப்ரல், ஒக்டோபர் இடிமழையில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

பாதை போட்டதும் மலை கட்ட அவசரப்படாதீர்கள். வெறும் பலகையிலேயே ஓர் ஈர மாதமும் ஒரு காய்ந்த மாதமும் ஓட்டி, பெட்டி விலகும் இடத்தில் ஒவ்வொரு முறையும் பென்சிலால் கோடு போடுங்கள். ஒரே இடத்தில் மூன்று கோடு சேர்ந்தால் அங்குள்ள தண்டவாள இணைப்பைப் பிரித்துச் சரிசெய்யுங்கள். மேலே பிளாஸ்டர் வந்துவிட்டால் அந்த இணைப்பை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.