பைக் ஃபிரேமின் வாலை வெட்டி லூப் வைப்பது எப்படி?

பழைய பைக்கை மாற்றிக் குட்டை வால் கொண்ட ரேஸ் பாணி வண்டியாக, அதாவது கஃபே ரேசராகக் கட்ட நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது ஃபிரேமின் வால் பகுதியில்தான். அதை வெட்டிவிட்டு, முனையில் U வடிவில் வளைத்த பைப்பை வைப்பார்கள், அதுதான் லூப். கோவையில் கணபதி, சிங்காநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும் லேத் பட்டறை உண்டு. ஆள் கிடைத்துவிடும். என்ன கேட்டு வாங்குவது என்று தெரிந்துகொண்டு போங்க.

முதலில் சட்டம். தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அதனால் இது டிராக்கில் ஓட்டும் வண்டிக்கு மட்டும். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேக்கு டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு போகலாம்.

எங்கே வெட்டுவது? ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்டுக்குப் பின்னால் மட்டும். ஹேண்டில்பார் கழுத்தையும் பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்விங்ஆர்ம் ஃபிரேமில் மாட்டியிருக்கும் பிவட்டையும் தொடவே விடாதீர்கள். சேஸிஸ் நம்பர் மேல் கிரைண்டர் படக் கூடாது. ஷாக் முழுதாக அமுங்கினால் என்ன நீளம் வருமோ, அந்த அளவுக்குச் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்து லூப்பின் உயரத்தைக் குறியுங்கள். இதை விட்டால் பள்ளத்தில் டயர் லூப்பில் இடிக்கும்.

டேங்க், பேட்டரி, வயரிங் எல்லாவற்றையும் கழற்றிய பிறகே வெல்டிங். லூப் பைப், பழைய பைப்பின் அதே விட்டத்திலும் கனத்திலும் இருக்கட்டும். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் வேண்டாம், அந்தத் துத்தநாகப் புகை உடம்புக்குக் கெடுதல், வெல்டும் சரியாகப் பிடிக்காது.

வேலையின் உயிரே இணைப்பில்தான். இரண்டு பைப்பையும் முட்டவைத்து மேலே ஒரு சுற்று வெல்ட் அடித்தால் போதாது. உள்ளே இறுக்கமாகப் போகிற மாதிரி லேத்தில் ஒரு ஸ்லீவ், அதாவது குட்டி உள்குழாய், கடைந்து, அது இரு பக்கமும் பைப் விட்டத்தைவிட அதிகமாக உள்ளே போக வேண்டும் என்று சொல்லுங்கள். பைப்பில் ஓட்டை போட்டு, அதன் வழியாகவும் ஸ்லீவைச் சேர்த்து வெல்ட் பண்ணுவார்கள். முதலில் டேக், அதாவது சின்னப் புள்ளி வெல்ட், மட்டும் வைத்து இரு பக்கமும் அளவு சரியா என்று டேப்பில் பாருங்கள். அப்புறம் இடது கொஞ்சம், வலது கொஞ்சம் என்று மாற்றி மாற்றி அடித்தால் சூட்டில் ஃபிரேம் இழுக்காது. கூடுதல் செலவானாலும் டிக் (TIG) வெல்டிங்கே கேளுங்கள்.

உடனே பவுடர் கோட்டிங் வேண்டாம், விரிசலை மறைத்துவிடும். வார்ப்படத் தொழில் இருக்கும் ஊர் என்பதால் விரிசலைக் கண்டுபிடிக்கும் டிபி (டை பெனிட்ரன்ட்) டெஸ்ட் செய்பவர்கள் இங்கே உண்டு. சிவப்புத் திரவம் பூசித் துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாகத் தெரியும். கோடு வந்தால் அந்த இடத்தை முழுதாக கிரைண்ட் பண்ணி எடுத்துவிட்டுத் திரும்ப வெல்ட் அடிக்கச் சொல்லுங்கள்.