ஏ.சி., ஐஸ் பிளான்ட் கான்ட்ராக்ட் குடும்பமா? உங்கள் கம்பெனி வரலாற்றை இப்படி எழுதுங்கள்

தாத்தாவோ அப்பாவோ ஆரம்பித்த ஏ.சி., கோல்டு ஸ்டோரேஜ், ஐஸ் பிளான்ட் கான்ட்ராக்ட் கம்பெனியின் வரலாற்றை எழுத உட்காருகிற பலர், நிறுவனர் படத்தில் தொடங்கி விருது வாங்கிய படத்தில் முடித்துவிடுகிறார்கள். நடுவில் என்ன வேலை செய்தார்கள் என்பதே இருக்காது. இந்தத் தொழிலின் வரலாறு செய்த வேலைகளில்தான் கிடக்கிறது, அங்கேயிருந்து தேடுங்கள்.

தொடங்கிய வருஷத்தை முதலில் முடிவு செய்யுங்கள். வீட்டுக்குள்ளேயே இதில் வாக்குவாதம் வரும், ஏனென்றால் முதல் வேலை எடுத்தது ஒரு வருஷம், பார்ட்னர்ஷிப் பத்திரம் எழுதியது வேறு வருஷம், பிரைவேட் லிமிடெட் ஆனது இன்னொரு வருஷம். எல்லாவற்றையும் போடுங்கள். ஏ.சி. கம்பெனியான ப்ளூ ஸ்டாரைப் பாருங்கள்: மோகன் டி. அத்வானி பம்பாயில் பழைய ஏ.சி., ஃப்ரிட்ஜ்களைப் புதுப்பித்துக் கொடுக்க ஆரம்பித்தது 1943, கம்பெனியாகப் பதிவானது 1949, பொதுமக்களுக்குப் பங்கு விற்றது 1969. மூன்றும் சேர்ந்தால்தான் வளர்ந்த விதம் தெரிகிறது. உங்களுடையது பதிவான பார்ட்னர்ஷிப் என்றால், பத்திரம் தொலைந்துபோயிருந்தாலும் ரெஜிஸ்ட்ரார் ஆஃப் ஃபர்ம்ஸ் அலுவலகத்தில் கட்டணம் கட்டிப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கலாம்.

அடுத்து, தேதி கிழிந்துபோன பில்களும் கொட்டேஷன்களும். அணாவில் தொகை இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியதாக இருக்கும், லெட்டர்ஹெட்டில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது, ஜி.எஸ்.டி. எண் இருந்தால் 2017 ஜூலைக்குப் பிந்தியது. மிஷினுக்குள் ஓடிக் குளிரவைக்கும் வாயுவான கேஸின் பெயரும் உதவும், ஆனால் கவனம் வேண்டும்: ஆர்-12 போன்ற சி.எஃப்.சி. (குளோரோஃப்ளூரோகார்பன்) வாயுக்களை இந்தியா 2010-க்குள் கைவிட்டது, பழைய மிஷின்களோ அதற்கப்புறமும் ஓடிக்கொண்டிருந்தன, அதனால் கேஸை மட்டும் நம்பி வருஷம் போடாதீர்கள். கொட்டேஷனில் '20 டன்' என்றிருப்பது எடை இல்லை என்பதையும் பேரப்பிள்ளைகளுக்காக ஒரு வரி எழுதிவிடுங்கள். 907 கிலோ ஐஸை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பம் எவ்வளவோ, அதே வேகத்தில் வெப்பத்தை வெளியேற்றும் திறன்தான் ஒரு டன், இன்றைய கணக்கில் சுமார் 3.5 கிலோவாட்.

இதைவிட முக்கியம் பழைய மெக்கானிக்குகள். அவர்களை உடனே போய்ப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். "எந்த வருஷம் அண்ணே?" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். கம்ப்ரெசர் பெல்ட்டில் ஓடியதா, பிரைன் டேங்கில் (ஐஸ் உறைய வைக்கும் உப்புநீர்த் தொட்டி) எத்தனை கேன், டக்டை (ஏ.சி. காற்று போகும் தகரக் குழாய்) சைட்டிலேயே மடித்தார்களா என்று மிஷினைப் பற்றிக் கேளுங்கள், தானாகக் கொட்டும். லீக்கை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். அம்மோனியா பிளான்டில் கந்தகக் குச்சியைக் கொளுத்தி பைப் ஓரமாகக் கொண்டுபோவார்கள், கசிவு இருக்கும் இடத்தில் வெள்ளைப் புகை கிளம்பும். ஆர்-12, ஆர்-22 மிஷின் என்றால் ஹேலைடு டார்ச், கேஸ் பட்டதும் தீ பச்சையாக மாறும். எலெக்ட்ரானிக் டிடெக்டர் கையில் வைத்திருக்கும் இன்றைய பையனுக்கு இது தெரியாது, உங்கள் புத்தகம்தான் சொல்ல வேண்டும். முடிந்தால் அவர் போட்ட பிளான்டுக்கே கூட்டிப்போய், உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, பேச்சைப் பதிவு செய்யுங்கள்.

வீட்டுப் பெண்களையும் கேளுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஐஸ் பிளான்ட் நின்றுவிட்டது என்று வந்த ஃபோனை எடுத்தது யார், சனிக்கிழமை சம்பளக் கவர் போட்டது யார், முதல் கேஸ் சிலிண்டர் வாங்க யாருடைய நகை அடகுக்குப் போனது? பல குடும்பங்களில் அம்மாதான் சம்பளமில்லாத அக்கவுன்டன்ட், அவர் பெயர் எந்த லெட்டர்ஹெட்டிலும் இருக்காது. நிறுவனர் பெயர் வரும் அதே அத்தியாயத்தில் அவர் பெயரையும் போடுங்கள்.

நஷ்டப்பட்ட வேலைகளை மறைக்க வேண்டாம், பணம் வராமல்போன சைட்டையும் எழுதுங்கள், வாடிக்கையாளர் பெயரை மட்டும் விட்டுவிடலாம். அண்ணன் தம்பி பிரிந்த கதை இருந்தால் இரண்டு பக்கமும் கேட்டு, இருவரும் ஒத்துக்கொள்கிற அளவுக்கு எழுதுங்கள்.

தெர்மல் பேப்பர் பில்களை முதலில் ஸ்கேன் செய்யுங்கள், எழுத்து மங்கிவிடும். படத்தில் நிற்கிற ஒவ்வொருவரின் பெயரையும், ஹெல்பர் உட்பட, பின்பக்கம் பென்சிலால் எழுதிவிடுங்கள்.