கொரிய அம்மாவும் அமெரிக்காவில் வளர்ந்த மகளும்: மறுபடி சேரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அம்மா முதலில் மன்னிப்புக் கேட்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று காத்திருப்பதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். அமெரிக்காவில் வளர்ந்த மகளுக்கு அது நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் கொரியாவில் வளர்ந்த அந்தத் தலைமுறையில், பெரியவர்கள் பிள்ளைகளிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்பது அபூர்வம். அதற்குப் பதிலாக, "சாப்பிட்டாயா?" என்று அம்மா ஒரு மெசேஜ் அனுப்புவார். பழம் நறுக்கித் தட்டில் வைப்பார். பிறந்தநாளுக்கு மீயொக்குக் என்ற கடற்பாசி சூப் கொடுத்தனுப்புவார். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியமாகக் கொடுப்பதும் அதே சூப்தான். பாத்திரத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டு, அம்மா இறங்கி வரவே இல்லை என்று மகள் சொல்வது சரியல்ல.

சூப்போடு எல்லாம் தீர்ந்தது என்று அம்மா நினைப்பதும் தவறுதான். மகள் பழைய காயத்தைப் பற்றிப் பேச வாயெடுத்ததும், "உனக்காகத்தானே இவ்வளவு கஷ்டப்பட்டோம்" என்று கணக்கை விரிக்கக் கூடாது. கஷ்டம் உண்மை. ஆசியர்களுக்கு வழி திறந்த அமெரிக்காவின் 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு வந்த கொரியர்கள் பலர் மளிகைக் கடையிலும் சலவைக் கடையிலும் விடியலிலிருந்து இரவுவரை நின்றார்கள். 1992 ஏப்ரல் 29 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய கலவரத்தில் கொரியர்களின் கடைகள் சுமார் 2,300 சேதமடைந்தன. ஆனால் பல மகள்கள் அந்தக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினார்கள். வங்கியிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதங்களை அம்மாவுக்குப் படித்துச் சொன்னார்கள். அவர்களும் அந்தக் கஷ்டத்தில் பங்கெடுத்தவர்கள். அதையே அவர்கள் தலையில் கடனாக ஏற்றினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

எல்லாவற்றையும் "நம் பண்பாடு" என்று மூடுவது இன்னொரு தவறு. அடியும் அவமானமும் இருந்த வீட்டிலிருந்து விலகி நிற்கும் மகளை, பண்டிகை வருகிறது என்று சொல்லி உறவினர்கள் இழுத்து வரக் கூடாது.

சர்ச் போதகரை நடுவராகக் கூப்பிட்டால் வீட்டு விஷயம் சபை முழுக்கப் பரவலாம். தம்பியை மொழிபெயர்க்கச் சொன்னால், இருவர் கோபத்தையும் அவன் சுமப்பான். மகள் கொரிய மொழியில் மெதுவாக ஒரு கடிதம் எழுதலாம். நேரில் பார்க்கும் முதல் சந்திப்பு ஒரு வேளைச் சாப்பாட்டோடு முடியட்டும். அன்று மகள் தடுமாறிக் கொரிய மொழி பேசினால், அம்மா உச்சரிப்பைத் திருத்த வேண்டாம்.